சாவி லாஸ்பேட்டையில், பெயர் சார்செல்லில்: ஒரு மின்காரின் இரண்டு ஆண்டுகள்

என் அத்தையை மணந்த மாமா பிரெஞ்சுக் குடிமகன். பிறந்தது முத்தியால்பேட்டையில். அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அதன்பின் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கேட்டவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை நிலைத்தது. அப்படிக் கேட்ட குடும்பம் அவர்களுடையது. மாமா இருபது வயதில் கப்பலேறாமல் விமானம் ஏறிய தலைமுறை. பாரிஸுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் குடியிருந்து, அஞ்சல் துறையில் வேலை பார்த்து, 2022இல் ஓய்வு பெற்றார். நவம்பரில் அங்கே குளிர் தொடங்கும்போது இங்கே வருகிறார். ஏப்ரலில் இங்கே வெயில் ஏறும்போது அங்கே திரும்புகிறார். புதுச்சேரியில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இப்படி ஒருவர் இருப்பார்.

நான் மின் ஒப்பந்த வேலை செய்கிறேன், லாஸ்பேட்டையில் வீடு. மாமா 2023 பிப்ரவரியில் ஒரு மின்கார் வாங்கினார். 30 கிலோவாட்-மணி (அதாவது 30 யூனிட்) பேட்டரி, பச்சைத் தகட்டில் வெள்ளை எழுத்து, பி.ஒய்.-01 என்று தொடங்கும் எண். அன்றிலிருந்து 2025 மே வரை அந்த வண்டிக்கு நடந்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: அளந்த வோல்ட், ஏற்றிய யூனிட், நின்ற நாள், செலவு. அவருடைய சம்மதத்தோடு அதை இங்கே எழுதுகிறேன்.

வண்டியால் வந்த தொல்லை மிகக் குறைவு. பேட்டரி ஏமாற்றவில்லை, ஓட்டம் ஏமாற்றவில்லை. ஆனால் சிக்கல் எழுந்தபோதெல்லாம் காரணம் ஒன்றாகவே இருந்தது. மின்சாரத்துக்கோ வண்டிக்கோ உரிமை உள்ளவர் எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு எந்த உரிமையும் இல்லை. வெளிநாட்டில் பாதி வாழ்க்கை வைத்திருப்பவர் இங்கே மின்கார் வாங்க நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

அங்கே பழகிய பழக்கம்

மாமா சார்செல்லில் ஆறு ஆண்டு ரெனோ ஸோயி என்ற மின்கார் ஓட்டியவர். அந்த வண்டியையே கொண்டுவர முடியுமா என்றுதான் முதலில் கேட்டார். முடியாது: அது இடப்பக்க ஸ்டீயரிங். பழைய கார் இறக்குமதிக்கு வலப்பக்க ஸ்டீயரிங் கட்டாயம், வண்டிக்கு மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது.

வண்டி வரவில்லை, பழக்கம் வந்தது. அங்கே இரவில் எட்டு மணி நேரம் மலிவுக் கட்டணம். வண்டியைச் செருகிவிட்டுத் தூங்கிவிடுவார். அடுக்குமாடியில் குடியிருப்பவர் தன் வண்டி நிற்கும் இடத்தில் சொந்தச் செலவில் பிளக் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பிரெஞ்சுச் சட்டம் தருகிறது. 2021 ஜனவரியிலிருந்து அது இன்னும் விரிந்தது. சங்கம் மறுக்க விரும்பினால் மூன்று மாதத்துக்குள் சங்கம்தான் நீதிமன்றம் போக வேண்டும். குடியிருப்பவர் அலைய வேண்டியதில்லை. இந்த வரிசை மாமாவின் மனத்தில் பதிந்திருந்தது. அதனால் கார் வந்து நின்ற பிறகுதான் பிளக்கைப் பற்றிக் கேட்டார்.

அவருடைய வீடு ரெயின்போ நகரில், பன்னிரண்டு வீடுகள் கொண்ட கட்டடத்தின் மூன்றாம் மாடியில். தரைத்தளத்தில் தூண்களுக்கு இடையே வண்டிகள் நிற்கும். குடியிருப்போர் சங்கம் மறுத்தது. பொது மீட்டரில் செலவு ஏறும், தீப்பிடிக்கும், ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று மூன்று காரணம் சொன்னார்கள். நம் நாட்டில் மாதிரிக் கட்டட விதிகளில் 2019இல் செய்த திருத்தம் வண்டி நிறுத்தத்தின் 20 விழுக்காட்டுக்கு மின்னேற்ற வசதி வேண்டும் என்கிறது. அது புதுக் கட்டடத்துக்கு. இந்தக் கட்டடம் 2009இல் முடிந்தது. வீட்டில் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலேயே சொந்த வண்டிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் மூன்றாம் மாடி இணைப்புக்கும் தரைத்தள வண்டிக்கும் நடுவில் இருக்கும் சுவர் பொதுச் சுவர். அதைத் துளைக்கச் சங்கத்தின் அனுமதி வேண்டும்.

உருகிய பிளக்

அனுமதி வரும்வரை மாமா காத்திருக்கவில்லை. மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து 25 மீட்டர் நீட்டிப்பு வயரைக் கீழே தொங்கவிட்டார். ஒன்பது இரவு வேலை செய்தது. பத்தாம் இரவு, 2023 மார்ச் 11, காவலாளி பிளாஸ்டிக் நெடி அடிக்கிறது என்று கதவைத் தட்டினார். நீட்டிப்புப் பலகையின் சாக்கெட் உருகிப் பிளக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அதை அறுத்துப் பார்த்தேன். வயர் 1.5 சதுர மி.மீ.; நீளத்துக்கும் சுமைக்கும் மெலிந்ததுதான், ஆனாலும் வயர் எரியவில்லை. எரிந்தது தொடும் இடம். வண்டி 13 ஆம்பியர் இழுக்கிறது. சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு தளர்ந்து, தொடும் இடத்தில் 0.2 ஓம் தடை ஏற்பட்டாலே போதும்: 13ஐ 13ஆல் பெருக்கினால் 169, அதை 0.2ஆல் பெருக்கினால் 34 வாட். ஈயம் பற்றவைக்கும் சிறு கருவி 25 வாட். அதைவிடச் சூடான ஒன்றை இரவெல்லாம் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி வைத்ததற்குச் சமம் அது. இஸ்திரிப் பெட்டியும் கிரைண்டரும் இதே சாக்கெட்டில் பல ஆண்டு ஓடுகின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. இஸ்திரிப் பெட்டி நின்று நின்று இழுக்கும், அரை மணியில் ஓய்வெடுக்கும். கார் பத்து மணி நேரம் மூச்சு விடாமல் இழுக்கும். வீட்டுக்குள் அப்படி இழுக்கும் வேறு பொருள் எதுவும் இல்லை.

அதே நாளில் தரைத்தளத்தில் இருந்த பழைய சாக்கெட்டையும் அளந்தேன். நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பும் கம்பி) எர்த்துக்கும் (கசிவை மண்ணுக்குக் கொண்டுபோகும் கம்பி) இடையே 38 வோல்ட் காட்டியது. ஒழுங்கான எர்த்தில் அது ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கட்டடத்தின் எர்த் குழாயைத் தோண்டிப் பார்த்தால் மேல் இணைப்பு துருவாக உதிர்ந்தது. கடற்கரைக்கு இவ்வளவு அருகில் உப்பு மண்ணில் துத்தநாகம் பூசிய குழாய் பதினான்கு ஆண்டு தாங்காததில் வியப்பில்லை. நல்ல சார்ஜர் கேபிளில் எர்த்தைச் சோதிக்கும் மின்னணு இருக்கும். எர்த் இல்லையென்றால் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏற்ற மறுக்கும். அந்தச் சிவப்பு விளக்கை அணைக்க நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள்ளேயே சேர்த்துக் கட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யவிடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் காரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறும். மழையில் வெறுங்காலோடு கதவைத் திறக்கிற குழந்தை அதைத் தொடும்.

சங்கத்தின் கூட்டத்துக்கு அந்த உருகிய சாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. நம் தவறை நாமே காட்டுவதா என்றார். ஆனால் தீப்பிடிக்கும் என்று அவர்கள் சொன்னது வெறும் பிடிவாதம் இல்லை, மெய்யான அச்சம். அது நியாயம் என்று ஒப்புக்கொள்ளாமல் தீர்வைப் பேசியிருந்தால் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள். மாமாவின் சொந்த மீட்டரிலிருந்து தனிக் கம்பி, பொது மின்சாரத்தில் ஒரு யூனிட்டும் எடுப்பதில்லை, கட்டடம் முழுவதற்கும் புது எர்த் அவர் செலவில், பூட்டுப் போட்ட பெட்டி, பொறுப்பேற்று எழுத்தில் உறுதி. ஒரு மணி நேரத்தில் ஒப்புக்கொண்டார்கள். அவர்களைக் கரைத்தது புது எர்த்தாக இருக்க வேண்டும். அன்றுவரை பன்னிரண்டு வீட்டின் வாஷிங் மெஷினும் கீசரும் எர்த் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

மீட்டர் யார் பெயரில்

வேலை ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டும். செப்டம்பர் வரை இழுத்தது.

சாக்கெட் வைக்கும் முன் வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்சுமையை 3 கிலோவாட்டிலிருந்து 7க்கு உயர்த்த வேண்டும். விண்ணப்பத்தோடு போனபோதுதான் தெரிந்தது: மீட்டர் இன்னும் கட்டடம் கட்டியவர் பெயரில் இருக்கிறது. மாமா 2009இல் வீடு வாங்கினார், பத்திரம் அவர் பெயரில், வீட்டு வரி அவர் பெயரில். மின் ரசீதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பணம் கட்டினால் விளக்கு எரிந்தது. பெயர் மாற்றம் முதலில், சுமை உயர்வு பிறகு என்றார்கள். அது சரியான நடைமுறைதான். ஆனால் மாமாவின் விமானம் ஏப்ரல் 10.

அவர் போய்விட்டார். இனி கையெழுத்துப் போட எனக்கு அதிகாரப் பத்திரம் வேண்டும். அதை அவர் பாரிஸில் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பினார். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அதைத் தவறவிட்டால் தண்டம், அலைச்சல். அது வந்து சேர்ந்த உறையை, தேதி தெரியும்படி, பத்திரத்தோடேயே வைத்திருக்கிறேன். அந்தப் பத்திரத்தில் என்ன எழுத வேண்டும் என்பதில் நான் ஒரு தவறு செய்தேன். 'மின் இணைப்பு தொடர்பான பணிகள்' என்று மட்டும் எழுதச் சொன்னேன். வண்டியின் காப்பீடு, பதிவுச் சான்று, பழுதுபார்ப்பு எதுவும் அதில் இல்லை. அந்தக் குறை சில மாதம் கழித்து வந்து நின்றது.

வெளிநாட்டு வாழ் இந்தியக் குடிமகன் (ஓ.சி.ஐ.) அட்டை மாமாவிடம் இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களுக்கும் அவர்கள் வழியினருக்கும் அந்த அட்டை உண்டு. புதுச்சேரிக்காரர்களுக்கு அதுதான் வாசல். விளைநிலம் தவிர்த்து வீடு வாங்க அது போதும். ஆதார் வேறு கதை. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இங்கே இருந்தால்தான் அவரைப் போன்றவர்களுக்கு ஆதார். ஐந்து மாதம் தங்குகிற மாமாவுக்கு அது இல்லை. அதனால் வண்டிப் பதிவுக்கு வீட்டுப் பத்திரம், வரி ரசீது, உறுதிமொழி என்று தாள் சேர்த்தோம். மின் ரசீது அவர் பெயரில் இருந்திருந்தால் பாதி நடை மிச்சம்.

பதிவு எங்கே என்பதிலும் ஒரு யோசனை இருந்தது. என் பெற்றோர் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். தமிழ்நாடு 2023 கொள்கைப்படி 2025 இறுதி வரை மின்வாகனத்துக்குச் சாலை வரி முழு விலக்கு அளித்திருந்தது. அந்த முகவரியில் பதியலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். வண்டி இரவில் தூங்குவது புதுச்சேரியில். ஒரு மாநிலப் பதிவோடு வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். கன்னியக்கோயிலைத் தாண்டினால் மாநிலம் மாறுகிற ஊரில் இதை மறப்பது எளிது. வண்டி எங்கே இருக்கிறதோ அங்கேயே பதிந்தோம்.

செப்டம்பரில் வேலை முடிந்தது. மீட்டர் பலகையிலிருந்து 14 மீட்டர், 6 சதுர மி.மீ. செம்புக் கம்பி, சுமை மிஞ்சினால் தானே மின்சாரத்தை நிறுத்தும் 20 ஆம்பியர் எம்.சி.பி.; உலோக உறையுள்ள 16 ஆம்பியர் தொழிற்சாலை வகை சாக்கெட்; மூன்று மீட்டர் ஆழத்தில் செம்பு பூசிய எர்த் கம்பி. கசிவு காக்கும் ஆர்.சி.சி.பி. வாங்கும்போது மட்டும் பிடிவாதமாக இருங்கள். கடையில் கேட்டால் பெரும்பாலும் மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணரும் ஏ.சி. வகையைத்தான் எடுத்துத் தருவார்கள். காரின் உள்ளே இருக்கும் சார்ஜரில் பழுது வந்தால் நேர்மின்னோட்டம் கசியலாம், அது ஏ.சி. வகையைக் குருடாக்கிவிடும், பிறகு மனிதன் தொட்டாலும் அது விழுந்து மின்சாரத்தை நிறுத்தாது. 30 மில்லி ஆம்பியர், ஏ வகை என்று எழுதிக் கொடுத்து வாங்கினேன். எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்குள் முடிந்தது. நியூட்ரல்-எர்த் வோல்ட் இப்போது 1.4.

ஏழு வாரம் பூட்டிய வண்டி

ஏப்ரலில் கிளம்பும்போது மாமா வண்டியை என் வீட்டில் கடைசியாக 100 விழுக்காடு ஏற்றி, கொண்டுபோய்த் தன் கட்டடத்தில் பூட்டி நிறுத்தினார். எனக்குத் தொல்லை தரக் கூடாது என்ற நல்லெண்ணம். சாவி ஒன்று என்னிடம். மே கடைசியில் போய்ப் பார்த்தேன். கதவு திறக்கவில்லை. சாவிக்குள் இருக்கும் உலோகச் சாவியால் திறந்தேன். உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை.

பெரிய பேட்டரி நிறைய இருந்தது. செத்தது சிறிய 12 வோல்ட் பேட்டரி. மின்காரிலும் அது உண்டு. கதவுப் பூட்டு, கணினி, பெரிய பேட்டரியை இணைக்கும் காண்டாக்டர் எல்லாம் அதை நம்பியே இருக்கின்றன. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி பக்கத்திலேயே இருந்தும் பயனில்லை. சார்ஜரைச் செருகினாலும் ஏறாது. மாமா பொருத்தியிருந்த சாலைப் பதிவு கேமரா நிறுத்திய வண்டியிலும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்திருக்கிறது. வேறொரு 12 வோல்ட் பேட்டரியால் எழுப்பினோம். முழுதாகக் காலியான ஈய அமிலப் பேட்டரி பழைய நிலைக்கு வராது. அடுத்த மாதமே மாற்ற வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து வண்டி ஓய்வில் இருக்கும் காலத்தில் பெரிய பேட்டரி 50க்கும் 60க்கும் இடையே. கேமரா கழற்றியாயிற்று. பத்து நாளுக்கு ஒருமுறை நான் எடுத்துக்கொண்டு கடலூர் போய் அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டு, தேவனாம்பட்டினம் கடற்கரையில் கொஞ்சம் நின்றுவிட்டு வருவேன். போக வர ஐம்பது கிலோமீட்டர், ஏழு எட்டு யூனிட். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரி என்பதால் அவ்வப்போது ஒருமுறை 100 வரை ஏற்றி, உடனே ஓட்டிக் குறைப்பேன்; இல்லையென்றால் திரையில் காட்டும் விழுக்காடு மெல்ல மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும்.

அதிகாரப் பத்திரத்தில் விட்ட குறை இங்கேதான் வெளிப்பட்டது. பராமரிப்புக்குக் குறித்த மாதம் வந்தது. கிலோமீட்டர் ஓடவில்லை என்றாலும் மாதக் கணக்கு உண்டு. தவறினால் பேட்டரியின் எட்டு ஆண்டு உத்தரவாதத்தில் கேள்வி எழலாம். பழுதுபார்க்கும் நிலையத்தில் உரிமையாளரின் கைப்பேசிக்கு ஓ.டி.பி. அனுப்பினார்கள். அந்த எண் உயிரோடு இல்லை.

ஓ.டி.பி.

மாமா இங்கே வாங்கிய சிம் முன்கட்டண வகை. தொண்ணூறு நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால், கணக்கில் இருபது ரூபாயாவது இல்லாதபோது, எண் துண்டிக்கப்படும். ஏப்ரலில் போனவரின் எண் ஜூலையில் இறந்தது. வண்டியின் பதிவுச் சான்றில் அந்த எண். காப்பீட்டில் அந்த எண். மூன்று சார்ஜிங் செயலிகளில் அந்த எண்.

நவம்பரில் அவர் திரும்பி வந்ததும் புது எண் வாங்கினார், ஆனால் எல்லாவற்றிலும் மாற்றி முடிக்கவில்லை. 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சி. அதற்கு முந்தைய நாள் அத்தையோடு திருநள்ளாறு கிளம்பினார். கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக ஏறத்தாழ 135 கிலோமீட்டர். புதுச்சேரியில் 100 இருந்தது, காரைக்காலை நெருங்கும்போது 34. கணக்குப்படியே போயிருக்கிறது. திரும்பி வர வழியில் ஒருமுறை ஏற்ற வேண்டும். ஒரு விடுதி வளாகத்தில் 25 கிலோவாட் வேகச் சார்ஜர் காலியாக இருந்தது. செயலி பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பிக்கொண்டே இருந்தது. புதுக் கணக்குத் திறந்தால் பணம் கட்ட வழியில்லை: அவருடைய பிரெஞ்சு வங்கி அட்டையை அது ஏற்கவில்லை. வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணோடு யூ.பி.ஐ. பயன்படுத்த 2023 ஜனவரியில் பத்து நாடுகளுக்கு வழி திறந்தார்கள். சிங்கப்பூர், அமீரகம், கத்தார், பிரிட்டன் எல்லாம் உண்டு, அந்தப் பத்தில் பிரான்ஸ் இல்லை. புது இந்திய எண்ணை வங்கிக் கணக்கோடு இணைக்கும் விண்ணப்பம் அப்போதுதான் வங்கியில் கிடந்தது.

மாமா என்னை அழைத்தார். நான் முதலியார்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் நின்று குழாய் பதித்துக்கொண்டிருந்தேன். "சார்ஜர் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் படியுங்கள் மாமா" என்றேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். என் செயலியில் அதைத் தட்டினேன், என் கணக்கிலிருந்து பணம் போனது, 135 கிலோமீட்டருக்கு அப்பால் வண்டி ஏற்றத் தொடங்கியது. முக்கால் மணி நேரத்தில் 85. அத்தை பிறகு சொன்னது: அந்த முக்கால் மணியும் மாமா வண்டியை விட்டு நகரவில்லை, யாராவது வந்து பிடுங்கிவிடுவார்கள் என்று. வேகச் சார்ஜரில் யூனிட் 20 ரூபாயை ஒட்டி, அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வீட்டுக் கட்டணத்தின் பல மடங்கு. வழியில் ஏற்றுவது அவசரத்துக்குத்தான் என்பதை அந்த ரசீது காட்டியது.

அதன் பிறகு மாமாவின் இந்திய எண் அணைவதே இல்லை. அந்த சிம் ஒரு பழைய கைப்பேசியில் என் கடையிலேயே இருக்கிறது, மாதம் ஒருமுறை ஒரு அழைப்பு. புது அதிகாரப் பத்திரம் எழுதினோம். வண்டியும் அதில் உண்டு.

ஃபெஞ்சல்

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை பிற்பகல் ஃபெஞ்சல் புயல் ஆயிற்று. மாமாவுக்கு டிசம்பர் 5ஆம் தேதிதான் விமானம். இரவு ஏழு மணிக்குச் சார்செல்லிலிருந்து அழைத்தார். ரெயின்போ நகர் பள்ளம். சாதாரண மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும் இடம். வண்டியை எடுக்கட்டுமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவரே எடுத்துவிடு என்றார். அப்போது பேட்டரி 56. முதலில் அங்கேயே நள்ளிரவு வரை ஏற்றினேன், 90. புயலுக்குப் பிறகு எத்தனை நாள் மின்சாரம் இருக்காது என்று யாருக்குத் தெரியும்? 2011 டிசம்பர் 30 தானே புயலை நான் கடலூரில் பார்த்தவன். மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் இருட்டு. வண்டியை லாஸ்பேட்டை மேட்டுக்குக் கொண்டுவந்தேன். கிளம்பும் முன் சாக்கெட்டின் எம்.சி.பி.யை இறக்கி, மீட்டர் பலகையில் அந்தக் கிளையையே துண்டித்தேன்.

30ஆம் தேதி இரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் நகராமல் நின்று கொட்டியது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது. ஞாயிறு காலை ராணுவம் படகோடு வந்தது. மாமாவின் கட்டடத்தில் தரைத்தளத்தில் நின்ற இரண்டு பெட்ரோல் கார்கள் இருக்கை வரை மூழ்கின. சுவரில் தண்ணீர் விட்டுப்போன கோட்டை அளந்தேன்: 3 அடி 2 அங்குலம். எங்கள் சாக்கெட்டின் அடிப்பகுதி 4 அடி. பத்து அங்குலத்தில் தப்பியது. 4 அடி என்று வைத்தது வெள்ளத்தை நினைத்தல்ல, செருகக் கைக்கு வசதியாக இருக்கட்டும் என்று. இப்போது அது 5 அடி 6 அங்குலத்தில் இருக்கிறது.

தண்ணீர் வடிந்ததும் சாக்கெட்டைப் போட்டேன், ஆர்.சி.சி.பி. உடனே விழுந்தது. கம்பியின் காப்பைச் சோதிக்கும் மெக்கர் கருவி வைத்துப் பார்த்ததில் குழாயின் தாழ்ந்த வளைவில் தண்ணீர் தேங்கியிருந்தது. குழாயை வெட்டி, கம்பியை மாற்றி, வளைவின் அடியில் வடிய ஒரு துளை விட்டேன். விழுந்த ஆர்.சி.சி.பி.யைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் போடாமல் அது எதைச் சொல்கிறது என்று தேடுவதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பாதி வேலை.

இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கக் கிராமங்களையும் பாகூர்ப் பக்கத்தையும் மூழ்கடித்தது. மஞ்சக்குப்பத்துக்குப் போகும் வழி அடைபட்டது. வண்டியில் 88 விழுக்காடு இருந்தும் நான் அம்மாவைப் பார்க்கப் போகவில்லை. மின்கார் தண்ணீரில் போகும் என்று காட்டும் காணொளிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேட்டரிப் பெட்டி நீர் புகாமல் செய்யப்பட்டதுதான். சாலை எங்கே அறுந்திருக்கிறது என்று அது சொல்லாது.

மஞ்சக்குப்பத்து ரசீது

2025 ஜனவரியில் அப்பாவுக்குக் கண் அறுவை. மாமாவும் அத்தையும் ஒரு மாதத்துக்கு மேல் மஞ்சக்குப்பத்திலேயே தங்கினார்கள். வண்டிக்கு அங்கே கீசர் சாக்கெட்டில் ஆறு முறை, மொத்தம் 120 யூனிட் ஏற்றினோம். அம்மா வீட்டில் இரண்டு மாதத்துக்கு வழக்கமாக 420 யூனிட், 1,300 ரூபாய். அந்த முறை 540 யூனிட், 2,400க்குச் சற்றுக் குறைவு.

அப்போதைய தமிழ்நாட்டுக் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. மொத்தம் 500ஐத் தாண்டாதவரை அடுத்த 100 யூனிட்டுக்கு மலிவுச் சலுகை இருந்தது. 500ஐத் தாண்டியதும் ஏற்கெனவே ஓடிய அந்த 100 யூனிட்டுக்கும் சலுகை போய்விட்டது, தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். அதனால் கார் குடித்த ஒவ்வொரு யூனிட்டும் ஒன்பது ரூபாய்க்கு அருகில் விழுந்தது. புதுச்சேரியில் மாதா மாதம் கணக்கு, 100, 200, 300 என்று படி ஏறும், கிலோவாட்டுக்கு நிலைக்கட்டணம் தனி. விருந்தாளி வண்டி உறவினர் வீட்டில் ஏற்றும்போது அந்த வீடு எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் ரசீதைப் பார்க்க வேண்டும். மாமா பணத்தைக் கொடுத்தார். அம்மா வாங்கவில்லை. அத்தை அதை அரிசி மூட்டையாக வாங்கி இறக்கினார்.

இரண்டாவது வண்டி

மே மாதம் அதே கட்டடத்தின் இரண்டாம் மாடிக்காரர் வந்தார். மகன் தோஹாவில் வேலை செய்கிறார், இங்கே பெற்றோருக்கு ஒரு மின்கார் வாங்கித் தர நினைக்கிறார். வெள்ளத்தில் மூழ்கிய இரண்டு கார்களில் ஒன்று அவர்களுடையது. சங்கம் இந்த முறை தானே அனுமதி தந்துவிட்டது. அடுத்து இன்னும் இருவர் கேட்பார்கள் என்பதால் கட்டடத்தின் முதன்மைக் கேபிள் தாங்குமா என்று பார்க்கச் சொன்னார்கள்.

நான்கு இரவு அளந்தேன். மும்முனை இணைப்பு, ஒவ்வொரு முனையும் 63 ஆம்பியர். கத்திரி வெயிலில் இரவு பத்து மணிக்கு எல்லா ஏ.சி.யும் ஓடும்போது முனைக்கு 41 ஆம்பியர். மீதி 22; முனைக்கு ஒரு கார் வீதம் மூன்று கார்கள் தாங்கும். நள்ளிரவு தாண்டி அறைகள் குளிர்ந்த பின் 27க்கு இறங்குகிறது. அப்போது முனைக்கு இரண்டு, ஆக ஆறு கார்கள். ஆகவே எல்லாச் சாக்கெட்டுக்கும் பன்னிரண்டு மணிக்கு மேல் திறக்கும் நேரக்கருவி, எந்த வீடு எந்த முனை என்று பலகையில் எழுதி ஒட்டுவது, 7 கிலோவாட் சுவர்ச் சார்ஜர் யாருக்கும் இப்போது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு ஐந்து மணி நேரம் தாராளம்.

வண்டி மகன் பெயரிலா, உங்கள் பெயரிலா என்று இரண்டாம் மாடிக்காரரிடம் கேட்டேன். மகன் பெயரில்தான் வாங்க வேண்டும் என்று நினைத்திருந்தார்கள். மீட்டர் அவர் பெயரில், ஓட்டப்போகிறவர் அவர், பதிவு அலுவலகத்துக்கும் பழுதுபார்க்கும் நிலையத்துக்கும் போகப்போகிறவரும் அவரே. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: அப்பா பெயரிலேயே பதிகிறார்கள். சாக்கெட் வேலை வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது, இந்த முறை 5 அடி 6 அங்குலத்தில்.